எண்ணெய்க்கோரை

ஆயுசு முழுக்கக் கோரை பிடுங்கிக் கை காய்த்துப்போனவளிடம் ஒருவர் வந்து, "உங்க வயல்ல கோரை நடப்போறோம்" என்று சொன்னால் அவள் என்ன செய்வாள்? நான் மண்வெட்டியைத் தூக்கினேன். வந்தவர் இரண்டு எட்டு பின்னால் போனாரே தவிர ஜீப்பில் ஏறி ஓடவில்லை. அதனால்தான் இந்த ஆளிடம் நின்று பேசலாம் என்று எனக்குத் தோன்றியது.

அவர் பெயர் டாக்டர் நல்லசிவம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, செடிகொடி படித்த டாக்டர். காங்கயம் பக்கத்துக்காரர். எங்கள் மேலக்கோவனூரைச் சுற்றி எண்ணெய் எடுக்கிற கம்பெனி அவரை வேலைக்கு வைத்திருந்தது. நான் போட்ட வழக்கில், கெடுத்த நிலத்தைக் கம்பெனியே சுத்தம் செய்து கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாகியிருந்தது. இந்த ஒரு வயலைத் தவிர வேறு எங்கேயும் ஒரு சொட்டுகூடக் கசிந்ததில்லை என்று கம்பெனி கோர்ட்டில் சத்தியம் செய்திருந்தது. அதை எங்கள் ஊரும் நம்பியது. நம்புவதில் ஊருக்கு ஒரு சௌகரியம் இருந்தது, கெட்டது என் வயல் மட்டும்தானே.

என் பெயர் தையல்நாயகி. வாய்க்காரி தையலு என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள்.

குழாய் வெடித்தது கதிர் பால் பிடிக்கிற நேரத்தில். விடிந்து போய்ப் பார்த்தால் வயல் முழுக்கக் கறுப்பு. நண்டும் நத்தையும் தார் பூசியதுபோல் செத்துக் கிடந்தன. கம்பெனி மேல்மண்ணைக் கொஞ்சம் வாரிக்கொண்டு போய், குழாயை ஒட்டுப்போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டது. அதற்கப்புறம் அந்த மண்ணில் புல்கூடப் பிழைக்கவில்லை. என் வீட்டுக்காரர் சிங்காரவேலு இரண்டு போகம் பொறுத்துப் பார்த்தார். பிறகு திருப்பூர் போய் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் ஆகிவிட்டார். நாற்றங்காலில் நிற்க வேண்டிய மனுஷன் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு கேட் பக்கத்தில் நிற்கிற போட்டோவை அனுப்பினார். சிரித்த முகமாகத்தான் நின்றார்.

நல்லசிவம் வரப்பில் குந்தி உட்கார்ந்து விளக்கினார். 

"இது நீங்க புடுங்கற கோரை இல்லீங்க்கா. நானே உண்டாக்குனது. எண்ணெயைத் திங்கற கிருமி மண்ணுலயே இருக்குதுங்க. ஆனா அதுக்குக் காத்து பத்தாது, சத்து பத்தாது, சோம்பிக் கெடக்கும். இந்தக் கோரையோட வேர் ஆழமாப் போயி அதுக்குக் காத்தும் குடுக்கும், சோறும் போடும். அப்பறம் கிருமி எண்ணெயைத் தின்னுபோடும்."

"தின்னு முடிச்ச பொறவு? இந்தக் கோரைய எவன் புடுங்குறது?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. 

"அங்கதானுங்க்கா ஒரு பூட்டு வெச்சிருக்கறேன். மண்ணுல எண்ணெய் இருந்தாத்தான் இது உசுரோட இருக்கும். தீந்துபோச்சுன்னா தானாக் காஞ்சுரும். பக்கத்து வயலுக்குத் தாவுனாக்கூட, சுத்தமான மண்ணா இருந்தா முளைச்ச கையோட கருகீரும். அந்தப் பூட்டு இருக்கறதாலதான் அரசாங்கமே அனுமதி குடுத்துச்சு. கடைசிக் கோரை சாகற அன்னிக்கு உங்க நிலம் சுத்தம். கம்பெனி சர்டிபிகேட் குடுத்துரும், நீங்க நெல்லு வெதைக்கலாம்."

நட்டார்கள். பக்கத்து வயல் பக்கிரிசாமி அண்ணன், "தங்கச்சி கோரை வெள்ளாமை பண்ணுது, அறுவடைக்கு ஆள் வேணுமான்னு கேளுங்கடா" என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தாராம். சிரிக்கட்டும் என்று விட்டேன். கோரை ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. அறுத்தால் திரும்பவும் வளர்ந்தது. இரண்டாம் மழைக்காலத்தில் மண்ணில் எண்ணெய் வாடை கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்த வருஷம் வரப்போரமாக நாங்கூழ் என்கிற மண்புழு மண் தள்ளியிருந்ததைப் பார்த்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்த இடத்துக் கோரை பழுப்பேறிச் சாய்ந்திருந்தது. பயிர் காய்ந்து சந்தோஷப்பட்ட முதல் வெள்ளாமைக்காரி நானாகத்தான் இருப்பேன்.

கம்பெனி எனக்கு இரண்டு தடை போட்டிருந்தது. அந்த வயலுக்குள் ஆடு மாடு இறங்கக் கூடாது, அந்தக் கோரையில் ஒரு விதைகூட எடுக்கக் கூடாது. இரண்டையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் எந்த விளைச்சலையும் விதை எடுத்து வைக்காமல் அழியவிட மாட்டோம். குழாய் இன்னொரு தடவை வெடிக்காது என்று யார் கண்டது? கதிர் முற்றும்போதெல்லாம் கசக்கி, தூற்றி, மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவைத்தேன்.

ஆடு விஷயம் வேறு. சம்பா அறுவடை முடிந்தால் ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து கீதாரிகள் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். பகலில் மேய்த்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் ஒரு வயலில் வலையைச் சதுரமாகக் கட்டி ஆடுகளை அடைப்பார்கள். அதுதான் கிடை. விடிவதற்குள் வயல் முழுக்க எருவும் மூத்திரமும் விழுந்திருக்கும். மறுநாள் வலை அடுத்த வயலுக்கு நகரும். கிடை போடாத நிலத்தில் விதைப்பது எங்களுக்குத் தலைக்கு எண்ணெய் வைக்காமல் பெண்ணைக் கல்யாணத்துக்கு அனுப்புவது மாதிரி. என் வயலில் நடுவில் கொஞ்சம்தான் கோரை மிச்சமிருந்தது. அடுத்த பட்டத்தில் நெல் போடப்போகிற மண்ணுக்கு எருக் காட்டாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. இருளப்பக் கீதாரியைக் கூப்பிட்டு, முதல் கிடை என் வயலில்தான் என்று சொன்னேன். கோரையை ஆடு தொடாது, வாடை பிடிக்காது என்று இரண்டு பேருமே நினைத்தோம். விடிந்து பார்த்தால் முற்றிய கதிர்களை ஒன்று விடாமல் மேய்ந்திருந்தன. கீதாரி தலையைச் சொறிந்தார், நான் தோளைக் குலுக்கினேன். அன்றைக்கு வலை பக்கிரிசாமி அண்ணன் வயலுக்கு நகர்ந்தது. அப்படியே ஊர் ஊராகப் போயிற்று.

ஆடியில் தண்ணீர் வந்ததும் முதல் கூச்சல் பக்கிரிசாமி அண்ணன் வயலில்தான் எழுந்தது. எண்ணெய்க்கோரை முளைத்திருந்தது. அவருடைய வயலில் மட்டும் இல்லை. அடுத்த வயல், அதற்கடுத்தது, கீழக்கோவனூர், அதைத் தாண்டி ஆற்றங்கரை வரை முளைத்திருந்தது. அன்றைக்கே நெல் வியாபாரி ஒருவர், கோரை முளைத்த வயல் நெல் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பக்கிரிசாமி அண்ணன் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேள்விப்பட்டுப் போனேன். அண்ணன் என்னை வாசலோடு நிறுத்தினார்.

"ஒன் வயலு கெட்டுது, சரி. ஆட்ட வுட்டு எங்க வயலையும் கெடுத்துப்புட்டியே தங்கச்சி."

எனக்கே அப்படித்தான் தோன்றியது. ஊரே விழுந்து விழுந்து கோரையைப் பிடுங்கியது. வெளியூர்க்காரன் கண்ணில் படுவதற்குள் பிடுங்கிவிட வேண்டும் என்பதுதான் எல்லாருடைய கவலையும்.

நல்லசிவம் வந்தார். இன்னும் பிடுங்காத ஒரு வயலில் இறங்கிக் கோரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, கிடை எங்கே போட்டது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். வலை கட்டிய முளைக்குச்சிக் குழிகள்கூட மறையவில்லை. சதுரம் முழுக்க ஆட்டுப் புழுக்கை விழுந்திருந்தது. ஆனால் கோரை சதுரம் முழுக்க முளைக்கவில்லை. குறுக்கே ஒரு பட்டையாக, கயிறு பிடித்து நட்டதுபோல் நின்றது. அடுத்த சதுரத்திலும் அதே பட்டை தொடர்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். வாய்க்காலைத் தாண்டி, கருவேலங்காட்டைத் தாண்டி, இடிந்த ஒரு சிமெண்ட் மேடையில் போய் முடிந்தது. எங்கள் அப்பா காலத்தில் எண்ணெய் எடுத்து மூடிப்போட்ட கிணறு அது. அதிலிருந்து ஒரு குழாய் ஆற்றுப் பக்கம் போனதும், அதைக் காலி செய்து மூடிவிட்டோம் என்று கம்பெனி சொன்னதும் கிழவர்களுக்கு ஞாபகம் இருந்தது.

"வெதை எல்லாப் பக்கமும் விழுந்திருக்குதுங்க்கா," என்றார் நல்லசிவம். "ஆனா எண்ணெய் இருக்கற பக்கம் மட்டுந்தான் பொழைச்சிருக்குது. கீழ அந்தப் பழைய குழாய் இத்தன வருஷமாக் கசிஞ்சிட்டிருக்குது."

அப்படியானால் நான் இறக்கிய ஆடு கெடுக்கவில்லை. கெட்டுக் கிடந்ததைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. எனக்கு அங்கேயே தெம்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. கம்பெனி சம்பளக்காரர், பாவம். வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

குழாய் கசிகிறது என்ற பேச்சுக்குக் கம்பெனி மேனேஜர் மறுவாரமே பதில் சொல்லிவிட்டார். பூட்டு உடைந்துவிட்டதாம். ஆட்டு வயிற்றுக்குள் போய் வந்ததில் விதையின் குணம் மாறி, இப்போது எந்த மண்ணிலும் முளைக்கிறதாம். குழாயெல்லாம் பத்திரமாக இருக்கிறதாம். தடையை மீறி ஆடு இறக்கிய தையல்நாயகிதான் களையைப் பரப்பிய குற்றவாளி என்று என்மேல் புகார் போனது. அதோடு கம்பெனி தன் கண்ணாடி வீட்டில் இருந்த நாற்றையும் விதையையும் மொத்தமாக எரித்துவிட்டு, வயல்களில் மருந்தடிக்க ஆள் அனுப்பியது. கோரை கதிர் பிடிப்பதற்குள் அழிக்கிற அவசரம் கம்பெனிக்கும் இருந்தது, எங்கள் ஊருக்கும் இருந்தது. அந்த ஒற்றுமையைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்டு வயிற்றுக் கதையைக் கேட்ட இருளப்பக் கீதாரி மட்டும், "எங்க ஆட்டு வகுத்துல அம்புட்டு வித்தை இருந்தா நான் ஏன் தாயி வெயில்ல அலையுறேன்" என்றார்.

மேனேஜரே என் வீட்டுக்கு வந்தார், ஒரு போலீஸ்காரரோடு. பரண்மேல் இருக்கிற விதை கம்பெனியின் சொத்து, ஒப்படைக்க வேண்டும் என்றார்.

"வெதை ஒங்க சொத்துன்னா எண்ணெயும் ஒங்க சொத்துதான? என் மண்ணுல வந்து ஊத்துனத மொதல்ல அள்ளிக்கிட்டுப் போங்க. பொறவு வெதைக்கு வாங்க."

போலீஸ்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், சிரித்திருப்பார் போல. மேனேஜர் கோபப்படவில்லை. கெட்டிக்கார மனுஷன். சாவகாசமாக உட்கார்ந்து, என் வயலில் கடைசிக் கோரையும் காய்ந்துவிட்டதையும், அவர்கள் ஆய்வில் என் மண் சுத்தம் என்று வந்துவிட்டதையும் சொன்னார். சர்டிபிகேட் தயாராக இருக்கிறது. ஒரு வாக்குமூலம் மட்டும் நான் கொடுக்க வேண்டும். எண்ணெய் வாடையே படாத என் வீட்டுக் கொல்லையில்கூட இந்தக் கோரை முளைத்ததைப் பார்த்தேன் என்று சொன்னால் போதும். புகாரும் வாபஸ் ஆகும், இந்தச் சம்பாவுக்கே விதைக்கலாம்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. என் மண் சுத்தம் என்று அவர் வாயால் கேட்டபோது கால் தரையில் பாவவில்லை. திருப்பூரில் இருக்கிற இவருக்கு, என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர், "கையெழுத்துப் போட்டுரு தையலு. நான் பஸ் ஏறுறேன்" என்றார். அந்தக் குரலில் இருந்த அவசரம் என்னை உலுக்கிவிட்டது. கோரை என் கொல்லையில் முளைக்கவில்லை. முளைத்தது என்று சொன்னால், பக்கிரிசாமி அண்ணன் வயலுக்கு அடியில் கசிகிற குழாய் காலாகாலத்துக்கும் கசிந்துகொண்டிருக்கும். அந்த நெல்லை அவர் பிள்ளைகள் தின்னும், அந்தத் தண்ணீரை நாங்கள் குடிப்போம். என்னைத் திட்டுகிற ஊர்தான், ஆனால் என் ஊர்.

"முடியாதுங்க," என்றேன், இவரிடமும் மேனேஜரிடமும். இவர் போனை வைத்துவிட்டார்.

புகாரை வருவாய்க் கோட்டத்து ஆர்டிஓ அம்மா விசாரித்தார். கண்டிப்பான மனுஷி, யார் பக்கம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பூட்டு உடைந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி, அதைப் போட்டுப் பார்த்துவிட்டால் என்ன என்று கேட்டார். மேனேஜர் உடனே சம்மதித்தார். சுத்தமான மண் எங்கே இருக்கிறது என்றதற்கு, கம்பெனி குவார்ட்டர்ஸ் தோட்டத்து மண் என்றார். அங்கே குழாயும் இல்லை, கிணறும் இல்லை, தன் மனைவியே அங்கே கீரை போடுகிறார் என்றார். அந்த மண்ணில் கோரை பிழைத்தால் பூட்டு உடைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு தொட்டி மண்ணை நல்லசிவம் கொண்டுவர வேண்டும் என்று முடிவானது. நான் எழுந்து, கம்பெனியே சுத்தம் என்று சொன்ன என் வயல் மண்ணும் ஒரு தொட்டி இருக்கட்டும் என்றேன். கம்பெனி தன் விதையை எல்லாம் எரித்துவிட்டதால், என்னைக் குற்றவாளியாக்குகிற சோதனைக்கு விதை கொடுத்ததும் நான்தான். அதை ஓர் ஆட்டுக்குத் தின்னக் கொடுத்து, புழுக்கையோடு விழுந்ததைத் தொட்டிகளில் போட்டார்கள்.

இரண்டு தொட்டிகளும் ஆர்டிஓ ஆபீஸ் வராந்தாவில் பக்கம் பக்கமாக இருந்தன. காவலாளி இரண்டுக்கும் ஒரே குவளையில் தண்ணீர் விட்டார். இரண்டிலும் முளைத்தது. ஆவணி பாதியில் என் தொட்டி முளை கருகிச் சாய்ந்தது. குவார்ட்டர்ஸ் தொட்டியில் கோரை தளதளவென்று நின்றது. மேனேஜர் அதைத் தடவிக்கொடுத்தார். என் தொட்டியைப் பற்றி, நோய் விழுந்திருக்கும் என்றார். கடைசி விசாரணைக்கு நாள் குறித்தார்கள். அன்றைக்கு நல்லசிவம் கையெழுத்திட வேண்டும், தன் பூட்டு உடைந்துவிட்டது என்று.

ஊருக்குத் திரும்புகிற வழியில் என் தலைக்குள் இரண்டே விஷயம்தான் ஓடியது. கேஸில் நான் தோற்கப்போகிறேன். ஆனால் என் மண்ணில் கோரை செத்ததை ஆர்டிஓ முன்னால் எல்லாரும் பார்த்தாயிற்று. இதைவிட எனக்கு எந்தச் சர்டிபிகேட் வேண்டும்? மறுநாளே டிராக்டர் வைத்து உழுதேன். கம்பெனி ஆள் ஒருவன் வரப்பில் நின்று, அனுமதி இல்லாமல் விதைத்தால் இன்னொரு கேஸ் வரும் என்றான். அதையும் சேர்த்துப் போடு என்று சொல்லிவிட்டு விதைத்தேன். விதைத்து நிமிரும்போது சாலையில் பஸ் நின்றது. இவர் பையோடு இறங்கினார். என்னைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. வயலைப் பார்த்தார். பையை வரப்பில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மடை சரியில்லை என்று மண்வெட்டியை என் கையிலிருந்து பிடுங்கினார். திட்டு அவ்வளவுதான்.

விசாரணைக்கு முந்தைய நாள் காலையில் நல்லசிவம் வந்தார். ஜீப் இல்லை, பைக்கில் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. இவர் மோர் கொண்டுவந்து கொடுத்தார். நல்லசிவம் அதைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"அந்தத் தொட்டி மண்ணுல டீசலைக் கலக்கச் சொன்னாருங்க்கா மேனேஜர். அப்பத்தான் கோரை பொழைக்கும், பூட்டு உடைஞ்சுபோச்சுன்னு காட்டலாம்னு. நானும் சரின்னு தலையாட்டிட்டு வந்தேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"நான் கலக்கலீங்க்கா," என்றார் நல்லசிவம். "கலக்காமயே கொண்டாந்து வெச்சேன். தானாக் கருகட்டும், உண்மை வெளிய வரட்டும், நான் வாயத் தொறக்க வேண்டியதில்லைன்னு இருந்தேன். ஆனா அது பொழைச்சிருச்சுங்க்கா."

அந்த மண்ணிலேயே எண்ணெய் இருக்கிறது என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

குவார்ட்டர்ஸ் கட்டுவதற்கு முன் அந்த இடம் ஒரு பெரிய குழியாம். கிணறு தோண்டும்போது வருகிற எண்ணெய்ச் சேற்றை அதில் கொட்டி, மேலே மண்ணைப் போட்டு மூடி, அதன்மேல் வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். கம்பெனியிலேயே ஒரு பழைய டிரைவரை விசாரித்து இப்போதுதான் தெரிந்துகொண்டாராம். நல்லசிவம் குடியிருப்பதும் அங்கேதான், அவருடைய பெண் குழந்தை அந்த மண்ணில்தான் வீடு கட்டி விளையாடும். அந்தக் கீரையைத்தான் தினமும் சோற்றில் பிசைந்து ஊட்டியிருக்கிறார்கள். மனைவியையும் குழந்தையையும் காங்கயத்துக்கு அனுப்பிவிட்டு வந்திருக்கிறார். குழந்தைக்கு ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்களாம்.

"கண்ணாடி வீட்டுல ஒரு வெதை இல்லீங்க்கா, எல்லாம் எரிச்சாச்சு. வயல்லயும் கதிர் புடிக்கறதுக்குள்ள அழிச்சுப்போட்டாங்க. உங்ககிட்டத்தான் இருக்குது. ஒரு படி குடுத்தீங்கன்னா என் வீட்டைச் சுத்தியாவது போட்டுக்குவேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

அந்தக் குழந்தையை நினைத்தேன். பரண் ஏறப்போனேன். ஏணியில் கால் வைத்ததும் கடைசியாக அவர் சொன்னது காதில் விழுந்தது. யாருக்கும் தெரிய வேண்டாம். எங்கள் ஊரில் கோரை பிடுங்கினவர்கள் சொன்னதும் அதுதானே? திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"அந்த குவார்ட்டர்ஸ்ல எத்தன புள்ளைங்க இருக்குது தம்பி?"

அவர் மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒங்க வீட்டுக்கு மட்டும்னா ஒரு வெதைகூடத் தர மாட்டேன். குவார்ட்டர்ஸ் மொத்தத்துக்கும் கேளுங்க, மூட்டையோட தர்றேன். ஆனா இங்க வேணாம். நாளைக்கி ஆர்டிஓ அம்மா முன்னாடி கேளுங்க."

"வேலை போயிருங்க்கா. கேஸும் போடுவாங்க."

"எம்மேல போட்டுட்டாங்க. உள்ள போனா தொணைக்கு ஆளாச்சு."

மோரைக் குடிக்காமலே போய்விட்டார். என் வீட்டுக்காரர், குழந்தை விஷயத்தில்கூடவா இப்படி என்று என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் கல்நெஞ்சக்காரி இல்லை. அந்த ராத்திரி எனக்கும் தூக்கம் வரவில்லை. ஆனாலும் கொடுத்திருக்கக் கூடாது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

மறுநாள் விதை மூட்டையை இவர் தலையில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆர்டிஓ ஆபீஸில் எங்கள் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். பூட்டு உடைந்தது உண்மை, எங்கள் நிலத்தில் எண்ணெய் இல்லை என்று கம்பெனி பக்கம் சாட்சி சொல்லப் பக்கிரிசாமி அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மகள் கல்யாணம் அவருக்கு முன்னால் நின்றது.

மேனேஜர் அழகாகப் பேசினார். தொட்டியை மேசைமேல் வைத்து, சுத்தமான மண்ணில் செழித்திருக்கிற கோரையைப் பாருங்கள் என்றார். பிறகு ஆர்டிஓ அம்மா நல்லசிவத்தைக் கூப்பிட்டு, உங்கள் கருத்து என்ன என்று கேட்டார். அவர் எழுந்தார். மேசைப் பக்கம் போவார் என்று பார்த்தால் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, குவார்ட்டர்ஸ் மண்ணுக்கு வெதை வேணுங்க்கா. எல்லா வீட்டுக்கும்."

ஆர்டிஓ அம்மா புரியாமல் பார்த்தார். நல்லசிவம் அப்புறம் நிறுத்தவில்லை. டீசல் கலக்கச் சொன்னது, தான் கலக்காதது, கலக்காமலே பிழைத்தது, வீடுகளுக்கு அடியில் இருக்கிற குழி, எல்லாவற்றையும் சொன்னார். பூட்டு உடையவில்லை, அது தன் கையால் செய்தது, அது உடையாது என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் நிமிர்ந்து நின்றார்.

மேனேஜர் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கீரை ஞாபகம் வந்திருக்க வேண்டும். நல்லசிவத்தைப் பார்த்து மெல்ல, "நெஜமாவே கலக்கலயா?" என்று கேட்டார். நல்லசிவம் இல்லை என்று தலையாட்டினார். மேனேஜர் உட்கார்ந்தார். செல்போனை எடுத்தார், யாரையும் கூப்பிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆளை நான் எவ்வளவோ சபித்திருக்கிறேன், ஆனால் இதைச் சபிக்கவில்லை.

முன்வரிசையில் பக்கிரிசாமி அண்ணன் எழுந்தார். சாட்சி சொல்ல வந்த மனுஷன். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி என் முன்னால் வந்து நின்றார்.

"எனக்கும் போடு தங்கச்சி. புடுங்குன எடத்துல திரும்பப் போடணும்."

இவர் மூட்டையை அவிழ்த்தார். நான் அள்ளிப் போட்டேன். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஆபீஸ் ஆட்கள் தடுக்கவா வேண்டாமா என்று ஆர்டிஓ அம்மா முகத்தைப் பார்த்தார்கள். அவர் உத்தரவு எழுதப் பேனாவை எடுத்து, எழுதாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஆபீஸ் தோட்டமும், அதை ஒட்டி அவருடைய பங்களா வாசலும் தெரிந்தன.

"ஏம்மா," என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. "இந்த வெதைய நம்ம ஆபீஸ் வாசல்லயும் ஒரு புடி போட்டுப் பாக்கலாமா?"

"போடலாங்கம்மா," என்றேன். "ஆனா மொளைச்சு நின்னுச்சுன்னா, புடுங்கக் கூடாது."